திண்டிவனம் கடலைக்குப் பொலிவியாவில் ஒரு சொந்தம்

டி.எம்.வி. 2 என்ற கடலை ரகம் 1940-ல் வெளியானது. குடியாத்தம் பக்கத்தில் பயிரான கொத்துக் கடலையிலிருந்து நல்ல செடிகளாகப் பொறுக்கி, திண்டிவனத்து ஆராய்ச்சிக்காரர்கள் உருவாக்கிய ரகம். நூறு நாள் சொச்சத்தில் முற்றிவிடும், ஓடு மெல்லிசு, வறட்சியில் சுருண்டு கிடந்தாலும் ஒரு மழை பெய்தால் நிமிர்ந்துகொள்ளும். அதனால் தமிழ்நாட்டோடு நிற்காமல் ஆந்திரா, கர்நாடகா மானாவாரி நிலங்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பயிரானது. வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில் யாரும் அதை ரகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது வெறும் மல்லாட்டை, அவ்வளவுதான்.

அந்த ரகத்துக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. துரு நோய், இலைப்புள்ளி நோய் இரண்டும் அதற்குச் சுலபமாக வரும். எவ்வளவு சுலபம் என்றால், ஐதராபாத் அருகே பட்டன்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் புதிய ரகங்களின் நோய் எதிர்ப்பைச் சோதிக்கும்போது, நடுநடுவே டி.எம்.வி. 2-ஐ வரிசையாக நடுவார்கள். வயல் முழுக்க நோய் சீராகப் பரவ வேண்டும், அதற்கு நம்பகமான செடி அதுதான். எங்கள் அப்பா ஆசையாக வளர்த்த ரகம் அங்கே நோயைப் பரப்புவதற்காக நடப்படுகிறது என்று முதலில் தெரிந்தபோது எனக்குச் சங்கடமாகவே இருந்தது.

பயிர்ப்பெருக்கம் படித்து, சில ஆண்டுகள் மரபணுக் குறிப்பான் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். டி.என்.ஏ.-வில் நாங்கள் தேடும் அடையாளத்தைத்தான் குறிப்பான் என்கிறோம். அவரைக் குடும்பத்துப் பயிர்களில் விளைச்சலைக் கூட்டக் குறிப்பான்கள் எப்படி உதவுகின்றன என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடலைதான் ஞாபகத்துக்கு வரும். கடலை எண்ணெய் வித்தாயிற்றே, இதில் எங்கே வந்தது என்று கேட்க வேண்டாம். துவரை, உளுந்து, கொண்டைக்கடலை போலவே அதுவும் அவரைக் குடும்பத்துச் செடிதான், வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கிற செடிதான்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துரு நோய் இந்தியாவில் பரவியது 1970களின் தொடக்கத்தில். அதற்கு முன் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்து நோயாகவே இருந்தது. இலையின் அடிப்பக்கம் செங்கல் பொடி தூவியது போல் கொப்புளங்கள் வரும். துரு பிடித்த இலை காய்ந்தாலும் கொடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பின்பருவ இலைப்புள்ளியில் கறுப்புப் புள்ளிகள் வந்து இலை கொட்டிப்போகும். எங்கள் பக்கம் டிக்கா என்பார்கள். ஆடிப் பட்டத்துக் கடலையில் புரட்டாசி ஈரத்தோடு இரண்டும் சேர்ந்து வந்தால், காய் பிடித்துப் பருப்பு நிரம்ப வேண்டிய நேரத்தில் செடியில் இலையே இருக்காது. கடைசி மாதத்து வெயிலைப் பிடித்துப் பருப்பாக்க ஆள் இல்லாமல் போகும். பருப்பு சுருங்கும். காயைத் தாங்கும் விழுதுகள் வலுவிழந்துபோவதால், கொடியைப் பிடுங்கும்போது பாதிக் காய் மண்ணிலேயே தங்கிவிடும். ஆள் வைத்துக் கொத்திப் பொறுக்கினாலும் கூலிக்குக் கட்டாது. இரண்டும் கடுமையாகச் சேர்ந்து வந்தால் விளைச்சலில் பாதிக்கு மேல்கூடப் போகும்.

அதோடு கொடியும் போகிறது. கடலைக்கொடி மாட்டுக்கு எவ்வளவு நல்ல தீவனம் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். காய் விலை விழுந்த வருடத்தில்கூடக் கொடி கை கொடுக்கும். இலை கொட்டிய கொடி வெறும் குச்சி.

மருந்து இருக்கிறது. மான்கோசெப், கார்பன்டாசிம், குளோரோதலானில் என்று அடிக்கலாம். மானாவாரிக் கடலைக்கு இரண்டு மூன்று தரம் மருந்து அடிக்கப் பணம் யாரிடம் இருக்கிறது? மழை வருமா வராதா என்று தெரியாத நிலத்தில் மருந்துக்குச் செலவு செய்யத் தயங்கும் விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய கணக்கு சரியான கணக்கு. விதைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தால் ஒழிய இதற்கு வழி இல்லை.

அந்த எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பயிராகும் கடலைக்குள் மரபணு வேறுபாடு குறைவு. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் தென்னமெரிக்காவில் இரண்டு காட்டுக் கடலை இனங்கள் கலந்து, அந்தக் கலப்பின் குரோமோசோம்கள் இரட்டித்து, 40 குரோமோசோம் கொண்ட ஒரு புதிய செடி பிறந்தது. இன்று உலகம் முழுக்கப் பயிராகும் கடலை அந்த அரிய நிகழ்விலிருந்து வந்ததுதான். சுற்றியிருந்த பெரும்பாலான காட்டு இனங்களுக்கு 20 குரோமோசோம்தான் என்பதால், அதன் பிறகு அவற்றோடு சுலபமாகக் கலக்கவும் முடியவில்லை. பொலிவியாவில் வளரும் அராக்கிஸ் கார்டினாசி என்ற காட்டுக் கடலைக்குத் துருவையும் இலைப்புள்ளியையும் தாங்கும் சக்தி உண்டு. ஆனால் அதைப் பயிர்க்கடலையோடு சேர்த்தால் பிறப்பது 30 குரோமோசோம் கொண்ட மலட்டுச் செடி.

1960களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்மார்ட், கிரிகரி என்ற இருவர் அந்த மலட்டுச் செடிக்குக் கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து குரோமோசோம்களை இரட்டித்தார்கள். 60 குரோமோசோமோடு செடி காய்த்தது. தலைமுறைகள் போகப் போகக் கூடுதல் குரோமோசோம்கள் உதிர்ந்து, கடைசியில் 40 உள்ள சாதாரணக் கடலைச் செடிகள் கிடைத்தன, நடுவே காட்டுக் கடலையின் சில துண்டுகளோடு. அந்த வித்துகள் ஆராய்ச்சி நிலையங்களுக்குள் கைமாறி உலகெங்கும் போயின. 2021-ல் வெளியான ஒரு ஆய்வு, அந்த ஒரு காட்டுச் செடியின் துண்டுகள் இன்று 30 நாடுகளில் 250க்கு மேற்பட்ட ரகங்களிலும், ரகமாக வெளியாகாத வளர்ப்பு வழிகளிலும் இருப்பதைக் குறிப்பான்களைக் கொண்டே தேடிக் காட்டியது. நாடுகள் தங்கள் வித்துகளைப் பூட்டி வைக்கத் தொடங்கியிருக்கும் இந்தக் காலத்தில் இது எல்லோரும் படிக்க வேண்டிய வரலாறு என்று நினைக்கிறேன். விதை நாடு விட்டு நாடு போகாமல் இருந்திருந்தால் இந்த எதிர்ப்பு நமக்குக் கிடைத்தே இருக்காது.

இந்தியாவில் தார்வாடு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஜி.பி.பி.டி. 4 என்ற ரகத்தின் பெற்றோரில் ஒன்று கார்டினாசி வழியில் வந்தது. துரு, இலைப்புள்ளி இரண்டையும் தாங்கும் ரகம் அது. ஆக எதிர்ப்பு நம் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. இனி அதை எங்கள் மல்லாட்டைக்குள் கொண்டுபோக வேண்டும். அந்த இடத்தில்தான் குறிப்பான் வேலைக்கு வருகிறது.

இது மரபணு மாற்றம் கிடையாது, அதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பலரும் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இங்கே நடப்பது பூவோடு பூ சேர்க்கும் பழைய ஒட்டு வேலைதான். பிறந்த பிள்ளைச் செடிகளில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்க மட்டும் டி.என்.ஏ.-வைப் பார்க்கிறோம்.

ஊரில் வழி சொல்லும்போது, "வேப்பமரத்துக்குப் பக்கத்து வீடு" என்கிறோம் இல்லையா, குறிப்பான் அந்த வேப்பமரம். எதிர்ப்பைத் தரும் மரபணு எது என்று தெரியாவிட்டாலும், அதற்கு மிக அருகில் டி.என்.ஏ.-வில் அடையாளம் காணத்தக்க ஒரு வேறுபாடு இருந்தால் போதும். அருகருகே இருப்பவை பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும்போது மரம் ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமும் பிரிந்து போவது உண்டு. அதனால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குறிப்பானை வைத்துப் பார்ப்போம்.

கடலையில் இந்த மரத்தைக் கண்டுபிடிக்கவே வருடக்கணக்கானது. ரகத்துக்கு ரகம் வேறுபாடு குறைவு என்பதால் 1990களில் இருந்த குறிப்பான்கள் எல்லா ரகத்திலும் ஒரே மாதிரி தெரிந்தன. போதாக்குறைக்கு, இரண்டு மூதாதையரின் குரோமோசோம்களும் ஒன்றுபோலவே இருப்பதால், நாம் பார்ப்பது இதனுடையதா அதனுடையதா என்ற குழப்பம் வேறு. டி.என்.ஏ.-வைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வெறித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அலுப்பு புரியும். 2012-ல் வெளியான ஆய்வு ஒன்றுதான் விஷயத்தைத் தெளிவாக்கியது. நோய்க்கு எளிதில் ஆளாகும் டி.ஏ.ஜி. 24, டி.ஜி. 26 ரகங்களை ஜி.பி.பி.டி. 4-உடன் ஒட்டி, பிள்ளைச் செடிகளை ஆராய்ந்ததில், துரு எதிர்ப்பில் செடிக்குச் செடி காணும் வேறுபாட்டில் சுமார் 83 சதவீதம் வரை ஒரே இடத்தால் விளக்க முடிந்தது. இலைப்புள்ளிக்கு ஓரிடம் சுமார் 68 சதவீதம் வரை. பயிர்ப்பெருக்கத்தில் இப்படிப்பட்ட எண்கள் அரிதாகத்தான் கிடைக்கும்.

அதன் பிறகு இக்ரிசாட்டில் ஐ.சி.ஜி.வி. 91114, ஜே.எல். 24, டி.ஏ.ஜி. 24 என்ற மூன்று பிரபல ரகங்களுக்குள் அந்தப் பகுதியைக் குறிப்பான் துணையோடு கொண்டுவந்தார்கள். 2014-ல் முடிவுகள் வெளியாயின. தார்வாடில் டி.எம்.வி. 2-ஐயே எடுத்து அதே வேலையைச் செய்தார்கள். 2017-ல் அந்தக் கட்டுரையைப் படித்தபோது ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன்டா, மெஷின் சொல்றது நம்ம கொல்லையில நிக்குமா?" என்றார். "நிக்கும்பா. ஆனா ரெண்டு மூணு பட்டம் போட்டுப் பாத்துதான் சொல்லணும்" என்றேன். அவர் கேட்ட கேள்விதான் இந்தத் துறையின் ஆகப் பெரிய கேள்வி.

வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் குறிப்பானின் அருமை புரியும். கடலைப் பூ தன்னைத் தானே சேர்த்துக்கொள்ளும் பூ. சாயங்காலமே மொட்டைப் பிரித்து மகரந்தப்பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, மறுநாள் விடியலில் வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். சேர்ந்திருந்தால் சில நாளில் விழுது மண்ணுக்குள் இறங்கும். ஒட்டுப் போட்ட விழுது எது, செடி தானாகப் போட்ட விழுது எது என்று குழம்பாமல் இருக்க நூல் கட்டி வைப்பார்கள். இவ்வளவு பாடுபட்டால் ஒரு பூவுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பருப்பு. நெல்லிலோ சோளத்திலோ போல ஒரே ஒட்டில் பிடி விதை அள்ள முடியாது.

பிறந்த செடியில் பாதி டி.எம்.வி. 2, பாதி ஜி.பி.பி.டி. 4. நமக்கு வேண்டியது எதிர்ப்பு மட்டும் வந்து சேர்ந்த டி.எம்.வி. 2. ஆகவே பிள்ளையைத் திரும்பத் திரும்ப டி.எம்.வி. 2-உடனேயே ஒட்ட வேண்டும். பின்கலப்பு என்பார்கள். ஒவ்வொரு முறையும் வேண்டாத பங்கு பாதியாகக் குறையும். முதல் பின்கலப்பில் 75 சதவீதம் பழைய ரகம், இரண்டாவதில் 87.5, மூன்றாவதில் 93.75. இது சராசரிக் கணக்கு. குறிப்பான் இல்லாத காலத்தில், ஒவ்வொரு தலைமுறையிலும் எந்தச் செடியில் எதிர்ப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நோயை வரவழைத்துப் பார்க்க வேண்டும். துரு வர ஈரம் வேண்டும், நோய் வித்து வேண்டும், பருவம் அமைய வேண்டும். அந்த வருடம் மழை ஏமாற்றினால் நோய் வராது, எல்லாச் செடியும் நல்ல செடியாகத் தெரியும். அதோடு நோய் தெரிவதற்குள் பூப்பருவம் தாண்டிவிடும், யாரை யாரோடு ஒட்டுவது என்று முடிவெடுக்க நேரம் இருக்காது.

குறிப்பானோ, முளைத்து இரண்டு வாரம் ஆன செடியிலிருந்து ஓர் இலைத்துண்டைக் கிள்ளினால் போதும். இன்னும் சொன்னால், முளைக்கருவைத் தொடாமல் பருப்பின் ஓரத்தில் ஒரு சிறு சீவல் எடுத்தே டி.என்.ஏ. பிரிக்கலாம், விதைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். நோய் வராத கோடையிலும் வேலை நடக்கும். கூடவே மற்றக் குரோமோசோம்கள் எவ்வளவு தூரம் பழைய ரகத்துக்குத் திரும்பியிருக்கின்றன என்றும் பார்க்கலாம். 75 என்பது சராசரிதான், சில செடிகளில் அது இன்னும் கூடுதலாக இருக்கும். அந்தச் செடிகளாகப் பொறுக்கினால் இரண்டு தலைமுறை மிச்சம். பழைய முறையில் இழுத்துக்கொண்டே போகும் வேலை நாலைந்து பட்டத்தில் முடிகிறது.

எதிர்ப்போடு ஒட்டிக்கொண்டு வரும் தொல்லைகளும் உண்டு. எதிர்ப்பு உள்ள பழைய மூலங்கள் பலவற்றுக்கு ஓடு தடிமன், உடைத்தால் பருப்பு குறைவு, முற்ற நாள் அதிகம். விவசாயிக்கு நோய் தாங்கும் கடலை வேண்டும்தான், ஆனால் மில்லில் உடைக்கும்போது பருப்பு குறைந்தால் அவர் அடுத்த வருடம் அதைத் தொடமாட்டார். வேண்டிய துண்டைச் சின்னதாக நறுக்கிக் கொண்டுவர நெருக்கமான குறிப்பான்கள் வேண்டும். காட்டு மூதாதையர் இருவரின் மரபணுத் தொகுதி 2016-லும், பயிர்க்கடலையின் தொகுதி 2019-லும் வெளியான பிறகு அது எவ்வளவோ சுலபமாகியிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். இதில் எங்குமே விளைச்சல் மரபணு என்று ஒன்றை நாங்கள் பிடிக்கவில்லை. அப்படி ஒன்று தனியாக இல்லை. செடிக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை பருப்பு, பருப்பின் எடை, எத்தனை நாள் இலை பச்சையாக நிற்கிறது என்று விளைச்சல் எத்தனையோ சின்னச் சின்ன மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றின் பங்கும் அற்பம். மழையும் மண்ணும் மாறினால் அந்தப் பங்கும் மாறும். இப்படிப்பட்ட குணத்துக்குக் குறிப்பான்கள் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒரு செடியின் மதிப்பை ஊகிக்கும் முறைகள் வந்திருக்கின்றன. பலன் தருகின்றன, ஆனால் மெதுவாக. அவரைக் குடும்பத்துப் பயிர்களில் இதுவரை குறிப்பான் விவசாயிக்குக் கண்ணெதிரே கொடுத்தது, ஏற்கெனவே செடி தரக்கூடிய விளைச்சலை நோயும் வறட்சியும் பிடுங்கிக்கொள்ளாமல் காத்ததுதான்.

கொண்டைக்கடலையிலும் இதே கதைதான். மழை முடிந்த பின் மண்ணில் மிஞ்சிய ஈரத்தை நம்பி விதைக்கும் பயிர் அது. காய் பிடிக்கும் நேரத்தில் ஈரம் தீர்ந்துவிடும். ஐ.சி.சி. 4958 என்ற கொண்டைக்கடலை வகையின் வேர் ஆழமாகவும் அடர்த்தியாகவும் போகும். அதன் நான்காவது இணைப்புத் தொகுதியில், அதாவது ஒரு குரோமோசோமில், வேர் உட்பட வறட்சி தாங்கும் பல குணங்களுக்குக் காரணமான பகுதி ஒன்றை இக்ரிசாட்டில் அடையாளம் கண்டார்கள். அதைப் பூசா 372 என்ற ரகத்துக்குள் குறிப்பான் துணையோடு ஏற்றி, பூசா 10216 என்ற பெயரில் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்தது. வேரை மண்ணைத் தோண்டி அளக்காமல் இலையைக் கிள்ளித் தேர்ந்தெடுக்க முடிந்தது பெரிய விஷயம். கொண்டைக்கடலையின் வேரைச் சேதமில்லாமல் கழுவி எடுத்துப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

சரி, ஆய்வகத்தில் வருடங்கள் மிச்சமாயின. அப்புறம்?

அப்புறம்தான் கடலை மறுபடியும் தன் குணத்தைக் காட்டும். ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு விதைக்கு வேண்டும். விதைப் பெருக்கம் எட்டு மடங்கு என்றுதான் கணக்குப் போடுவார்கள். நெல்லில் அது 80 மடங்கு. ஆய்வகத்திலிருந்து 10 கிலோ புது விதை வந்தது என்று வையுங்கள். முதல் பட்டத்தில் 80 கிலோ, அடுத்ததில் 640, அடுத்ததில் 5,120, நாலாவதில் 40,960. இது 800 ஏக்கர் சொச்சத்துக்குத்தான் காணும். தமிழ்நாட்டில் கடலை லட்சக்கணக்கான ஏக்கரில் பயிராகிறது. நெல்லாக இருந்தால் அதே 10 கிலோ நாலு பட்டத்தில் மாநிலத்தையே நிரப்பும். போதாததற்கு, கடலை விதைக்குப் பாரம் அதிகம், எலியும் வண்டும் தேடி வரும். தனியார் விதை நிறுவனங்களும் பெரிதாக எட்டிப் பார்ப்பதில்லை. விவசாயி ஒருமுறை வாங்கினால் அடுத்த வருடம் தன் விதையையே போட்டுக்கொள்ளலாம், அவர்களுக்கு வருமானம் எங்கே?

1940-ல் வந்த ரகம் இத்தனை காலம் வயலை விட்டுப் போகாமல் இருந்ததற்கு இந்த எட்டு மடங்குக்கும் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன். நல்ல ரகங்கள் வராமல் இல்லை. வந்தவை மூட்டையாகி ஊருக்கு வந்து சேரவில்லை. குறிப்பான் ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தோடு சேர்த்து, விதைப் பெருக்கத்துக்கும் அதே அக்கறையோடு பணம் ஒதுக்க வேண்டும். ஆராய்ச்சிக் கூட்டங்களில் இதைப் பேச ஆரம்பித்தாலே விரிவாக்கத் துறையின் வேலை என்று தள்ளிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்கலப்பில் இரண்டு தலைமுறையை மிச்சம் பிடிக்க இத்தனை பேர் தூக்கம் கெட்டு உழைக்கிறோம், அந்த மிச்சம் கிடங்கில் கிடந்து வீணானால் யாருக்கு லாபம்?

ஊரளவில் செய்யக்கூடியது உண்டு. எங்கள் பக்கம் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. ஆடிப் பட்டத்து மானாவாரிக் கடலையிலிருந்து மார்கழிப் பட்டத்துக்கு விதை எடுப்பார்கள், மார்கழியில் இறவையில் விளைந்ததிலிருந்து ஆடிக்கு எடுப்பார்கள். விதை எப்போதும் புதுசாக இருக்கும். புது ரகத்தைப் பெருக்க இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து, பக்கத்து ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ நோய் தாங்கும் ரகம் எது இருக்கிறது என்று கேட்டு, சின்ன அளவில் வாங்கி, முதலில் மார்கழியில் போடலாம். நோய் தாங்குகிறதா என்பதை அடுத்த ஆடியில், பழைய ரகத்தைப் பக்கத்திலேயே ரெண்டு பாத்தி விதைத்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். முற்றியதும் இரண்டையும் பிடுங்கி, இலை எத்தனை நிற்கிறது, மண்ணில் எத்தனை காய் தங்குகிறது, உடைத்தால் பருப்பு எவ்வளவு தேறுகிறது என்று மூன்றையும் பாருங்கள். பிடித்திருந்தால் விதைக்கு எடுத்து வையுங்கள். நன்றாகக் காயவைத்து, காயாகவே வையுங்கள், உடைத்துப் பருப்பாக வைத்தால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும்.